பனிச்சறுக்கு வாரத்தில் விழுந்த திதி

சிவமயம்

திருகோணமலை,
24.01.2026

அன்பு மகன் இராகுலனுக்கு,

கோணேசப் பெருமான் காவலில் நானும் தங்கச்சி பிரியதர்சினியும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தக் குளிரிலும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விடியப்புறம் விளக்கு வைக்கும்போது கேட்கிறனான். கடிதம் எழுதி எத்தனையோ வருசம் ஆகிவிட்டது, எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினையாதே. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஒன்று தொடங்க நீ பிறகு எடுக்கிறன் அம்மா என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி இடையில் வெட்ட ஏலாது. பக்கத்து வீட்டுப் புஸ்பராணியின் மகள் வாற கிழமை சூரிச்சுக்குத் திரும்புகிறா, அவவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ கேட்ட மிளகாய்த்தூள் அரைக் கிலோதான் வைத்திருக்கிறேன், அந்தப் பிள்ளையின் பெட்டியிலும் இடம் இல்லை.

மாரி மழை விட்டு ஒரு கிழமைதான், குசினிச் சுவர் இன்னும் காயவில்லை, அப்பாவின் உடுப்பு அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன். துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்து மூன்று நாளாய் ஊதிக்கொண்டு நிற்கிறது. பொங்கலுக்கு நாங்கள் பானை வைக்கவில்லை, வருசம் திரும்பாத வீடு என்று உனக்குத் தெரியும்தானே. உனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக் கொண்டிருக்கிற காரியங்களில் இது ஒன்று. மற்றதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்சப்பில் நீ உங்கள் ஸ்கீ பயணத்தின் படங்களைப் போட்டாய். மரத்தால் கட்டின வடிவான ஹோட்டல், யன்னலுக்கு வெளியே வெள்ளை வெளேரென்று மலை. கீழே முழு ஒழுங்கும் எழுதியிருந்தாய், பெப்ரவரி பதினான்கு சனிக்கிழமை போய் இருபத்தொன்று சனிக்கிழமை திரும்புவது, மருமகளின் அண்ணன் குடும்பமும் சேர்ந்து வாறது, காலையில் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குகிற வகுப்பு, புதன்கிழமை கம்பியில் ஓடுகிற வண்டியில் உச்சிக்கு ஏறுவது, கடைசியாக வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் போட்டி, பதக்கம், பின்னேரம் எல்லோரும் சேர்ந்து இறைச்சி வாட்டிச் சாப்பிடுவது. நான் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும், இருந்தாலும் என் கண்ணை நான் நம்ப விரும்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் மாசி மாதப் பூர்வபக்கத் திருதியை. உன் அப்பா சோமசேகரத்தின் முதலாவது திவசம் அன்றைக்குத்தான்.

நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா போனது மார்ச் இரண்டாம் திகதி என்று மனதில் வைத்து, பெப்ரவரி இருபத்தேழுக்கு இங்கே வர ரிக்கற் எடுத்து வைத்திருக்கிறாய். பனிமலை முடிந்து நாலைந்து நாள் வேலை, பிறகு அப்பா, எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டாமல் அடுக்கியிருக்கிறாய். ஆனால் மகன், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிற மாதிரித் திவசத்தைக் கலண்டரில் பார்க்கிறதில்லை. பிறையைப் பார்த்து வாறது, அது ஒவ்வொரு வருசமும் முன்னுக்கும் பின்னுக்கும் போகும். இது உனக்கு ஆரும் சொல்லித்தரவில்லை என்று சொல்லாதே. முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலரில் முதல் பக்கமே திதி வெண்பாதான், மாதம், பக்கம், திதி எல்லாம் பாட்டிலே இருக்கிறது. அச்சுக்குப் போக முன் அதைத் திருத்தி அனுப்பினது நீதான். மருமகளின் தகப்பனுடைய பெயரில் ஒரு எழுத்து விடுபட்டதைக் கண்டுபிடித்தாய், உன் அப்பாவின் திதியை வாசிக்காமல் தாண்டிவிட்டாய். மாதா மாதம் அந்தத் திதிக்கு நான் படைத்ததைத் தங்கச்சி படம் எடுத்து உனக்கு அனுப்பினவள். இந்தப் புதன்கிழமையோடு பதினொன்று முடிந்தது, கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பதினொரு தரமும் நீ கும்பிடுகிற கை ஒன்று போட்டாய். ஒரு தரமாவது இது என்ன ஒவ்வொரு மாதமும் வேறை வேறை நாளில் வருகுதே என்று கேட்டாயா?

திங்கட்கிழமை நான் போன் எடுத்துச் சொன்னபோது நீ கடையில் நின்று பிள்ளைகளுக்கு அந்தச் சறுக்குச் சப்பாத்துப் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தாய். கால் அளவு சரியோ என்று மருமகள் கேட்கிறது எனக்கும் கேட்டது. அடுத்த நாள் நீ எழுதி அனுப்பினதை நான் மறக்க மாட்டேன். ஹோட்டலுக்குக் கட்டினது திரும்ப வராதாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு அந்த நேரம்தானாம், ஐயரைக் கேட்டு இரண்டாம் திகதிக்கு மாத்துங்கோ அம்மா, அப்பா கோவிக்க மாட்டார் என்று எழுதியிருந்தாய். ஓம், கோவிக்க மாட்டார். உயிரோடு இருந்த காலத்திலேயே உன்னைக் கோவிக்காத மனிசன். அவர் கோவிக்க மாட்டார் என்பதை வைத்துத்தானே நீ எப்போதும் நாள் குறிக்கிறது. தங்கச்சி வாசித்துவிட்டு, அப்பாவும் பள்ளிக்கூட லீவைக் கேட்டுப் போட்டுச் செத்திருக்க வேணும், அண்ணாவுக்கு வசதியாக இருந்திருக்கும் என்றாள். நான் அவளை ஏசினேன். ஏசிவிட்டு உள்ளே போய் அதையே நினைத்துக் கொண்டிருந்தேன்.

போன வருசம் செத்தவீட்டுக்கு வந்து நாலாம் நாள் நீ ஏறிவிட்டாய், லீவு இல்லை என்றாய், நானும் தடுக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கிரியைக்கு உன் இடத்தில் சித்தப்பாவின் மகன் நின்றான். ஆனால் விமான நிலையத்துக்குப் போக வான் வந்து நீ ஏறும்போது என் கையைப் பிடித்துச் சொன்னது, ஆட்டைத் திவசத்துக்கு நான்தான் தர்ப்பை போடுவன், ஆரையும் விடாதேங்கோ அம்மா. அதற்குப் பிறகு கேட்ட எல்லோருக்கும் மகன் வாறான் என்றேன். சித்தப்பாவின் மகன் கட்டாருக்குப் போக முன் வந்து, பெரியம்மா நான் வேணுமெண்டால் பெப்ரவரி முடியப் போறன் என்று கேட்டான். தேவையில்லையடா, ராகுலன் வாறான், நீ போ என்று நான்தான் அனுப்பி வைத்தேன். அவன் இரண்டு தரம் கேட்டவன்.

நீ சொன்னபடி ஐயரையும் போய்க் கேட்டேன், கேட்காமல் விட்டேன் என்று பிறகு நீ சொல்லக் கூடாது. அவர் பஞ்சாங்கத்தை விரித்துப் பார்த்து, முதலாவது ஆண்டைத் தள்ள ஏலாது, சாவு பிறப்பு என்று துடக்கு வந்தால் ஒழிய என்றார். மகனுக்கு என்ன தடை என்று கேட்டார். எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது, பனியிலே சறுக்கப் போகினமாம் என்றேன். மனிசன் சிரித்தார், பனிக்குத் துடக்கு இல்லை அம்மா என்றார். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது, நானும் சிரித்தேன். ஓட்டோவில் திரும்பி வரும்போது கடற்கரை வீதி முழுக்க முகத்தைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் பிரியதர்சினி பாலையூற்றில் தன் வீட்டில் இருந்து வந்து, நான் செய்யிறன் அம்மா என்றாள். கடைசி மூன்று மாதமும் அப்பாவைத் தூக்கி இருத்தினவள், முகம் வழித்துவிட்டவள், வாயில் கரண்டி வைத்தவள். நான் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஐயரிடம் போனேன். மகன் இருக்கேக்கை மகளோ என்று இழுத்தார். மகன் இருக்கிறான் ஐயா, இஞ்சை இல்லை, பிள்ளை எண்டால் இவளும் பிள்ளைதானே என்றேன். அந்த மாதிரிப் பெரியவர்கள் முன்னால் நான் வாய் திறந்தது இதுதான் முதல் தரம். அவர் கொப்பியை எடுத்து விரித்தார். பிறகு, விடியத் தலைக்கு முழுகி ஈரம் காய முன்னம் வரச் சொல்லுங்கோ என்றார். கிரியை செய்யிற கர்த்தா பெயர் என்று கேட்டு அவளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக்கொண்டார்.

மற்ற ஒழுங்குகள் எல்லாம் நடக்கின்றன. முன்வீட்டு ஸல்ஹா, அன்னம் அக்கா, வாழையிலை எங்கட வளவிலை வெட்டித் தாறன், நோன்பு தொடங்கியிருக்கும், சாப்பிட ஏலாது, நோன்பு திறக்கப் பாயசம் மட்டும் ஒரு சட்டி ஒதுக்கி வையுங்கோ என்று உரிமையோடு சொல்லிவிட்டுப் போனா. சிவராத்திரி முடிந்து சுவாமி நகர்வலம் வாற நாட்களும் அதை ஒட்டித்தான் வருகின்றன, ஊர் கலகலப்பாக இருக்கும்.

இப்போது இதை வாசித்துவிட்டு, ஹோட்டலை விட்டுப்போட்டு ஓடிவர வேண்டும் என்று உனக்கு மனம் வந்தால் வா, தாய் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தர்ப்பை தங்கச்சியின் விரலில்தான் இருக்கும், நீ பின்னால் சனத்தோடு இருக்க வேண்டும். எழுதின பெயரை நான் வெட்டச் சொல்ல மாட்டேன். உனக்காக ஒருவனைத் திருப்பி அனுப்பினது போதும். எடுத்த ரிக்கற்றில் இரண்டாம் திகதிக்கு வந்தாலும் வா, சோறு இருக்கும், அப்பாவின் படம் இருக்கும், திவசம் முடிந்திருக்கும்.

போவதென்றால் கவனமாகப் போ. அந்தச் சறுக்கிற இடங்களில் கால் முறிகிறதும் தலை அடிபடுகிறதும் சாதாரணம் என்று தங்கச்சி போனில் தேடி வாசித்துக் காட்டினாள், பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் இல்லாமல் ஒரு அடி வைக்க விடாதே. சின்னவனுக்கு இழுப்பு வாறது, குளிர் காற்றில் மருந்துக் குழாயை உன் சட்டைப் பையிலேயே வைத்திரு, அறையில் வைத்துவிட்டுப் போகாதே. கறுப்புக் கண்ணாடி போடச் சொல், பனி வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமாம். நீயும் நாற்பத்திரண்டு வயதில் பிள்ளைகளுக்கு முன்னால் வீரம் காட்ட வேண்டாம்.

பிள்ளைகள் இரண்டுக்கும் என் ஆசீர்வாதம், மருமகளுக்கும் சொல்லு. எல்லாரும் நீடூழி இருக்க வேண்டும், உங்கள் வாசலில் ஒரு தீங்கும் வந்து நிற்கக் கூடாது, கோணேசர் அதைப் பார்த்துக் கொள்வார். ஒன்றை மட்டும் நினைவில் வை. அந்த வெள்ளிக்கிழமை இங்கே பத்து மணிக்கு ஐயர் தொடங்கும்போது உங்களுக்கு விடிய ஐந்தரை. எழும்பி முழுகிவிட்டுக் கிழக்குப் பக்கமாக ஒரு நிமிசம் நில். அன்றைக்கு இறைச்சி தொடாதே, மற்றவர்கள் சாப்பிடட்டும், நீ தொடாதே. பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு வரும்போது கீழே நின்று நன்றாகக் கை தட்டு, அதுகளில் ஒரு பிழையும் இல்லை. பதக்கத்தோடு படம் எடுத்தால் எனக்கு அனுப்பாதே. அடுத்த நாள் அனுப்பு, பார்க்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் கேட்கும் அம்மா,
சோ. அன்னலட்சுமி