இல்லாத கணவனுக்குப் பத்துப் புள்ளி

உறுவையாறு
28 ஜனவரி 2025

அன்பு ஸ்டெல்லாவுக்கு,

அருள்தாஸ் எழுதுகிறேன். மாதா தயவில் இங்கே எல்லோரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அது போதும். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் உன் நம்பரை நான்தான் பிளாக் செய்தேன். கோபத்தில் இல்லை. கல்யாணம் ஆகாத நர்ஸ் என்றால் ஆஸ்திரேலியாவில் பத்துப் புள்ளி கூடக் கிடைக்கும் என்று உன் ஏஜென்ட் சொன்னாரே, அதற்காகத்தான். நாம் தினமும் அனுப்பிக்கொள்வதை அவர்கள் எடுத்துப் படித்தால், இவளுக்குப் புருஷன் இருக்கிறான் என்று பத்தையும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்களா? தபாலைப் பிரித்துப் பார்க்க அவர்களிடம் ஆள் இருக்காது.

கோயிலில் நம் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு படித்தாகிவிட்டது. இந்த இருவருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் இரண்டு முறை அறிவித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு படிக்காமல் நிறுத்தியதும் ஊரே வாய் திறந்துவிட்டது. கடைக்கு வந்த ஒருவர், "இன்னாப்பா, பொண்ணு மஸ்கட்லயே வேற யாரையாச்சும் பாத்துக்கிச்சா?" என்று கேட்டார். புள்ளி விவகாரத்தை விளக்கினேன். "கல்யாணம் பண்ணா மார்க்கு கொறையுதா? இன்னாடா பரீட்ச அது?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் எழுது.

உன்
அருள்தாஸ்


மஸ்கட்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அருளுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் கொடுத்தார்கள். வார்டில் என்னோடு வேலை பார்க்கும் மலையாளப் பெண் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் நீங்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

போனை யார் பிளாக் செய்யச் சொன்னது? நாம் எதையும் ஒளிக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது உண்மைதானே. விண்ணப்பிக்கச் சொல்லி அங்கிருந்து அழைப்பு வரும்வரை ஆகாமல் இருந்தால் போதும். வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். எப்போது வரும் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. செப்டம்பர் 14 அன்று எனக்கு முப்பத்து மூன்று. அன்றைக்கு வயதுக்கான புள்ளியில் ஐந்து போய்விடும். இதற்கு நடுவில் அந்தப் புள்ளி முறையையே மாற்றப் போகிறார்களாம். கணவன் மனைவிக்கான புள்ளியைத் தூக்கிவிடுவார்கள் என்று ஏஜென்ட் ஒரு வாரம் சொல்கிறார், கூட்டுவார்கள் என்று அடுத்த வாரம் சொல்கிறார். எந்த விதியை நம்பி எதைத் தள்ளிப்போட்டேன் என்று எனக்கே சில நாள் மறந்துவிடுகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. இங்கிலீஷ் பரீட்சையில் நீங்கள் பாஸ் செய்தால் கல்யாணம் செய்தாலும் ஐந்து புள்ளி உண்டு. உங்கள் ஏசி மெக்கானிக் வேலைக்கு முறையான சான்றிதழும் இருந்தால் பத்து முழுசாக வரும். பிறகு யாரும் காத்திருக்கவே வேண்டாம். பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறீர்களே, ஒரு காகிதமுமா இல்லை?

பிளாக்கை எடுத்துவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்
ஸ்டெல்லா


உறுவையாறு
9 மார்ச் 2025

அன்பு ஸ்டெல்லா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை புரிந்தது, மூன்றாம் முறை அதுவும் போய்விட்டது.

காகிதம் கேட்டாயே. வேலை கற்றுக்கொடுத்த சண்முகசுந்தரம் முதலாளியிடம் போனேன். பில் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்து, "அருள்தாஸ் நல்ல பையன், ஏசி நன்றாகப் பார்ப்பான், கை சுத்தம்" என்று எழுதி சீல் குத்திக் கொடுத்தார். அது செல்லுமா என்று ஏஜென்டிடம் கேட்டுச் சொல்.

உனக்காக ஒரு வேலையும் முடித்துவிட்டேன். கோயில் ஓலைப் புத்தகத்தில் நம் இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. நாளைக்கு அந்த நாட்டு அதிகாரி யாராவது விசாரிக்க வந்தால் முதலில் கோயிலில்தானே கேட்பார்? அதனால் சாமியாரைப் பார்த்து அடித்துவிடச் சொன்னேன். "நல்லா யோசிச்சியா அருளு?" என்று இரண்டு முறை கேட்டார். "ஆமாங்க சாமி, அவ நல்லதுக்குதான்" என்றேன். சிவப்பு மையில் ஒரு கோடு போட்டார். நமக்கு நஷ்டமில்லை. ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் எப்படியும் முதல் ஓலையிலிருந்து படிக்க வேண்டுமாம்.

அழைப்பு வரட்டும், அன்றே பிளாக்கை எடுக்கிறேன். உன் பத்துப் புள்ளி பத்திரமாக இருக்கிறது.

உன்
அருள்தாஸ்


மஸ்கட்
22 மார்ச் 2025

அருள்,

அம்மா போன் செய்தார். கோயில் உபதேசியார் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாராம். "அவனே வந்து பேரை அடிக்கச் சொன்னானாம்டி. இனிமே அந்த வூட்டு மோதிரம் நமக்கு எதுக்கு?" என்று அழுகிறார். நிச்சய மோதிரத்தையும் புடவையையும் பாக்யராஜ் சித்தப்பா கையில் உங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். அப்புறம்தான் உங்கள் கடிதமே என் கைக்கு வந்தது.

எந்த அதிகாரி உறுவையாறு கோயிலுக்கு வந்து ஓலைப் புத்தகத்தைப் புரட்டப் போகிறார்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வழியில்லாமல் போனையும் அடைத்து வைத்திருக்கிறீர்கள்.

அதைக்கூட விடுங்கள். சாமியார் இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் ஆமாம் என்றிருக்கிறீர்கள். புரியாமல் சொன்னீர்களா, வேண்டும் என்றே சொன்னீர்களா? மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

ஸ்டெல்லா


உறுவையாறு
6 ஏப்ரல் 2025

ஸ்டெல்லா,

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் இதைப் போனில் சொல்ல முடியாது.

உன் அம்மாவைப் பார்க்க வில்லியனூர் போனேன். தண்ணீர் கொடுத்தார். மோதிரத்தை நீட்டினேன், வாங்கவில்லை. "எம் பொண்ணு வந்து சொல்லட்டும்" என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சாமியாரைப் பார்ப்பதற்கு முன்னால், மார்ச் தொடக்கத்தில், புதுச்சேரியில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன், உனக்குச் சொல்லவில்லை. சுற்றிலும் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள். உங்களைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள் என்றார் வாத்தியார். என் பெயரோடு நின்றுவிட்டது. இரண்டாம் நாள் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். நான் இல்லாவிட்டால் உனக்குப் பத்து, இருந்தால் ஒன்றுமில்லை. அப்படியானால் என் மதிப்பு மைனஸ் பத்து. வில்லியனூர் மார்க்கெட்டில் பாதிக் கடைகள் என் கையால்தான் குளிர்ந்து கிடக்கின்றன. அதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது.

சாமியார் கோடு போட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு மூச்சு லேசாக வந்தது. ஆனால் உன்னைக் கட்டிக்கொள்ள ஆசையும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

அருள்தாஸ்


மஸ்கட்
27 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அருளுக்கு,

இந்த நாலு மாதமும் போனில் நன்றாகத்தான் பேசினோம். அங்கே வெயில், இங்கே வெயில், சீசனில் எத்தனை ஏசி, எனக்கு எத்தனை நைட் டியூட்டி. உங்கள் ஏப்ரல் கடிதத்தைப் பற்றி மட்டும் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றைக்கு நல்லபடியாகப் பேசி முடித்தோம் என்று ஒவ்வொரு முறையும் போனை வைத்தபின் நிம்மதியாக இருக்கும்.

போன வியாழக்கிழமை அழைப்பு வந்துவிட்டது. பிறந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால், பழைய விதியிலேயே. மாறப்போகிறது என்றவை எதுவும் இன்னும் மாறவில்லை. ஏஜென்டுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே நாளைக்கே கல்யாணம் பண்ணிக்கங்க சிஸ்டர், ஒரு புள்ளியும் கொறையாது. உங்க வீட்டுக்காரரையும் சேத்தே போட்டுடலாம்" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே ஜனவரியிலிருந்து காத்திருந்தோம்.

நீங்கள் மைனஸ் பத்து இல்லை, அருள். அப்படி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் நீங்கள் நினைத்தபோது, இல்லை என்று உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இந்த ஒரு வாரமாகத்தான் யோசிக்கிறேன். உங்களுக்கு லேசாக வந்த மூச்சு எனக்கும் வந்திருக்கிறது போல. எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை, உங்களுக்கு இருந்தது.

மோதிரம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். உங்கள் மேல் தப்பில்லை என்று கோயிலிலும் சொல்லச் சொல்கிறேன். நீங்கள் பொறுமையோடு காத்திருந்தீர்கள், அதை ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். என்மேல் கோபப்படுங்கள், உரிமை இருக்கிறது.

இதைச் சொல்லாமல் முடித்தால் பொய்யாகிவிடும். வியாழன் காலை அந்த மெயிலைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன், வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன், மாதாவுக்கு நன்றி சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லையே என்று சனிக்கிழமை மத்தியானம்தான் நினைவு வந்தது.

ஸ்டெல்லா