நாலாம் நவநாள் கைமாறின கதை

2024 ஜூன் 1, சனி

புது ஃபாதர் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கியிருக்கிறார். ‘விசுவாசமும் சமூகமும்’. எந்தச் சமயத்தவரும் வரலாம், கேள்வி கேட்கலாம், கோபிக்கலாம் என்று அவரே அறிவித்தார். நான் அறிவு தேடிப் போனேன் என்று எழுதினால் பேனையே சிரிக்கும். பேச்சு முடிய பற்றிஸும் பிளேன்ரீயும் உண்டு என்று பலகையில் போட்டிருந்தது. அதோடு தையல்காரிக்கு ஊர்ப் புதினம் வேண்டும். என்னிடம் சட்டை தைக்க வருகிறவர்கள் அதற்கும் சேர்த்துத்தானே வருகிறார்கள்!

இன்றைய பேச்சு: ‘கடவுள் யார் பக்கம்?’ எனக்கு விளங்கின அளவில், முன்வரிசைக் கதிரைக்காரர் பக்கம் இல்லை. முன்வரிசை நடுவில் என் அண்ணன் சந்தியோகு, கோயில் சபைத் தலைவர். முழுப் பேச்சுக்கும் தலையாட்டினார். தன்னைப் பற்றித்தான் என்று பிடிபடவில்லை போல.

ஒலிபெருக்கி எருக்கலம்பிட்டி சாஹுல் ஹமீட் நானாவுடையது. மைக்கைப் பூட்டிக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றார்.

“என்ன நானா, எங்கட வேதத்தில சேரப் போறீங்களோ?”

“பற்றிஸில சேர்ந்திட்டன் தங்கச்சி. மற்றதை யோசிப்பம்.”

ஜூன் 8, சனி

இன்று வகுப்பில் ஜெயந்தினி எழும்பினாள். தரவை வெளிக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புக்காரி, கூலி வேலை. தாய் தகப்பன் கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அவளுடைய ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் எங்கள் கோயிலில்தான்.

“ஃபாதர், திருவிழாவுக்கு ஒன்பது நவநாள். மீன்பிடிக்காரங்களுக்கு ஒரு நாள், கடைக்காரங்களுக்கு ஒரு நாள், ரீச்சர்மாருக்கு ஒரு நாள், பெரிய குடும்பங்களுக்கு ஒவ்வொரு நாள். எங்க ஆளுங்களுக்கு ஏன் ஒண்ணுமில்ல? கொடி இறக்கின பிறகு வளவு கூட்டத்தான் கூப்பிடுறீங்க. நாங்க கோயிலுக்குக் கூலியாளா, பிள்ளைங்களா?”

நவநாள் என்றால் சும்மாவா? அன்று பீடத்துப் பூ, வாசகம், பாட்டு, பூசை முடிய வளவில் எல்லோருக்கும் தேத்தண்ணீர், எல்லாம் அந்த நாளுக்குரியவர்களின் பொறுப்பு. பீடத்தில் நின்று அவர்கள் பெயரை வாசிப்பார்கள். அந்த வாசிப்புக்காகத்தான் பாதி ஊர் உயிரோடு இருக்கிறது.

அண்ணன் சொன்னார்: “ஒன்பதும் நிரம்பிப்போச்சுது பிள்ளை. பத்தாம் நாளை நான் எங்க போய் வாங்குறது?”

ஃபாதர் மெதுவாக, “ஆராவது கொஞ்சம் அரக்கி இடம் விடலாமே” என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தோம். நானுந்தான். நாலாம் நாள் எங்கள் குடும்பத்துடையது, அப்பு காலத்திலிருந்து.

வாசலில் ஜெயந்தினி என்னிடம் சொன்னாள்: “இந்த வருஷமும் இல்லைன்னா நாங்க எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற கோயிலுக்குப் போயிருவோம்க்கா. பேசி முடிச்சாச்சு.” அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகம். கண் துடைக்க லேஞ்சியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். நானா வீட்டு வட்டிலப்பம் வந்தது. மெலிவது அடுத்த மாதத்திலிருந்து.

ஜூன் 22, சனி

ஐயோ. ஐயோ. ஐயோ.

வகுப்பு நல்லாத்தான் நடந்தது. தலைப்பு ‘எதை விட்டுக்கொடுத்தால் நீதி?’ தேத்தண்ணீர் நேரம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் மைக்குக்குப் பக்கத்தில் பற்றிஸும் கையுமாக நின்றேன். சுற்றி நாலு பெண்கள். நாலு பேர் சுற்றி நின்றால் என் வாய் என் சொல் கேட்குமா? எனக்கோ கட்டைக் குரல். பாட்டுக் குழுவில் என்னை ஆம்பிளைகள் பக்கம் நிற்கச் சொன்ன குரல். அண்ணனைப்போலத் தொண்டையைச் செருமினேன்:

“சபைத் தலைவர் சந்தியோகு பேசுறன். எங்கட குடும்பத்து நாலாம் நாளை ஜெயந்தினி ஆக்களுக்கு மனப்பூர்வமாகக் குடுக்கிறன். ஆமென்!”

பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஏனோ சிரிக்கவில்லை. என் ஆமென் வெளியே போய்த் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்தது. வர முடியாதவர்களும் கேட்கட்டும் என்று ஃபாதர் இன்று கோபுரத்து லவுட்ஸ்பீக்கரிலும் தொடுக்கச் சொல்லியிருந்தாராம்.

நானா ஓடி வந்தார். “தங்கச்சி, மைக் உயிரோட இருக்குது!”

நான்தான் செத்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

என்னைச் சுற்றி நின்றவர்களைத் தவிர முழு ஊரும் அண்ணன்தான் பேசினார் என்று நம்புகிறது! பூசை முடிய அவர் கையைப் பிடித்து, “பெரிய மனசு சந்தியோகண்ணை” என்கிறார்கள். ஒரு கிழவி காலில் விழப் போனாள். அவர் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி, என் மச்சாள், விளங்கப்படுத்தினா போல. கொஞ்ச நேரத்தில் என்னைத் தேடி ஒரு பார்வை வந்தது. நான் தூணுக்குப் பின்னால். என்னை மறைக்கிற தூண் இந்தக் கோயிலில் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஃபாதரிடம் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “முதலில் ஜெயந்தினியிட்டப் போய்ச் சொல்லுங்கோ” என்றார்.

போனேன். வழி முழுக்க வசனம் பாடமாக்கினேன். அவள் உடுப்புக் காயப்போட்டபடி கேட்டாள்.

“அப்பவே தெரியும்க்கா. உங்க அண்ணன் ‘மனப்பூர்வமா’ன்னு சொல்லுவாரா?”

“அப்ப ஏன் பேசாம இருந்தனீ?”

“வீட்டுல புள்ளைங்க பாட்டுப் பழக ஆரம்பிச்சிட்டாங்க. நிறுத்துன்னு சொல்ல வாய் வரல.” ஒரு சேலையை உதறினாள். “ஆனா பகிடிக்குக் கிடைச்ச நாள் எங்களுக்கு வேணாம். அவரு வாயால வரட்டும். இல்லாட்டி பாலத்தைத் தாண்டுறோம்.”

திரும்பி வரும்போது என்னிடம் ஒரு பகிடியும் இல்லை. வீட்டில் என் மனிசன் பயந்துபோய்க் காய்ச்சலோ என்று கேட்டார்.

ஜூன் 28, வெள்ளி

அண்ணன் என் கடைக்கு வந்தார். கதிரையில் இருந்தார். என்னைப் பார்க்காமல் தையல் மெசினைப் பார்த்துப் பேசினார்.

“அப்புவின்ர நாளடி அது.”

“ஓம் அண்ணை.”

“மீன் வாங்கப் போக ஏலாமக் கிடக்கு. ஒருத்தன் பாரை மீனைச் சும்மா தூக்கித் தந்திட்டான், நல்ல மனுசனாம் நான்.”

“மீனை வாங்கினனீங்களோ?”

“வாங்கினனான்.”

ஜெயந்தினி சொன்னதை அப்படியே சொன்னேன். எழும்பிப் போய்விட்டார். ஏசியிருந்தால் நித்திரை வந்திருக்கும்.

ஜூன் 30, ஞாயிறு

பூசை முடிய அண்ணன் மைக்குக்குப் போனார். ஜெயந்தினி ஆட்கள் கடைசி வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

“போன கிழமை சனி நீங்கள் கேட்டது என்ர குரல் இல்லை. அது என்ர தங்கச்சி றஞ்சிதம்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கோயில் மைக்கில் என் பெயரை வாசித்தது இதுதான் முதல் தடவை.

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. சொல்லுற ஆளும் இல்லை. ஆனால் ஒரு கிழமையா இந்த ஊர் என்னை நல்லவனெண்டு கும்பிடுது. உந்தக் கும்பிட்டைத் திருப்பிக் குடுக்க எனக்கு மனமில்லை.” தொண்டையைச் செருமினார். “இப்ப நான்தான் சொல்லுறன். நாலாம் நாள் ஜெயந்தினி ஆக்களுக்கு. இந்த வருசத்துக்கு மட்டுமில்லை.”

பின் வாங்கிலிருந்து முதல் கைதட்டல். அங்கே நானா! பூசைக்கு ஒலிபெருக்கி கோயிலுடையது, அவருக்கு இன்று வேலையே இல்லை.

ஜூலை 29, திங்கள். நாலாம் நவநாள்

பீடம் முழுக்கச் செவ்வந்தி. பிள்ளைகள் பாடினார்கள், கூடவே தப்பு மேளம். “கோயிலுக்குள்ள தப்போ?” என்று மச்சாள் தொடங்கினா. மூன்றாவது அடியில் அவவின் செருப்பே தாளம் போட்டது. நான் கண்டேன். அவவுக்கும் தெரியும் நான் கண்டது.

‘தரவைக் குடியிருப்பு மக்கள்’ என்று ஃபாதர் வாசிக்க எனக்கு உள்ளே ஒரு ஊசி குத்தியது, மறைக்க மாட்டேன். பிறகு ஜெயந்தினியின் முகத்தைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து நின்றாள். இப்போது அழுதாள். என் லேஞ்சியும் ஈரம்.

இஞ்சித் தேத்தண்ணீர். அண்ணன், “சீனி கூடிப்போச்சு” என்றார். மூன்று கோப்பை குடித்தார்.

2025 ஜூன் 15, ஞாயிறு

திருவிழாக் கூட்டம். ஜெயந்தினி முன்வரிசையில், சபை உறுப்பினர். கூட்டம் கலைய அண்ணன் அவள் கதிரைக்குப் பக்கத்தில் போய்த் தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, உங்கட நாலாம் நாளில எங்கட குடும்பத்துக்கு ஒரு பாட்டு... ஒண்டே ஒண்டு... தருவீங்களோ?”

ஜெயந்தினி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

“எங்க ஆளுங்ககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்ண்ணே.”

“ஓம் ஓம், அவசரமில்லை, ஆறுதலாக் கேளுங்கோ” என்று அண்ணன் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டார்.