வலப்பக்கம் விழுந்த புள்ளிகள்

மார்ச் 1, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஷ்லீரன் ஊர் முழுக்க ஈரம். வாங்க: பற்றரி, ஒட்டுகிற கறுப்பு ரேப், திரைச்சீலைக்குக் கொளுக்கி. யன்னலால் துவக்குத் தெரிந்தால் எதிர்வீட்டுக் கிழவி பொலிசுக்குப் போன் அடிப்பாள்.

விளையாட்டுத் துவக்கு, பார்த்தால் அசல் துப்பாக்கிதான், ஒருவழியாகப் போன கிழமை செய்து முடிந்தது. பிளாஸ்ரிக் குண்டு போகும் குழாய்க்குள் லேசர். விசையை அழுத்தினால் சுவரில் ஒட்டிய கடதாசி இலக்கில் சிவப்புப் பொட்டு. விழுந்த இடத்தைக் கைபேசி பார்த்துப் புள்ளி போடும். முப்பது வருசம் தொழிற்சாலையில் இரும்பு கடைந்த கை. பிழைக்காது.

பின்னேரம் குகன் வந்தான். சாந்தியின் தங்கை புருஷன், என் சகலன், பஸ் ஓட்டுகிறவன். முதல் தடவை தொட்டான், நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. நான் ஒரு கிழமை பழகி எண்பத்தொன்று.

"யானைக்கும் அடி சறுக்கும் அண்ணை" என்றான், பல்லைக் காட்டிக்கொண்டு. சாந்தியும் சேர்ந்து சிரிப்பு. என் வீட்டில், என் சோற்றைத் தின்றுவிட்டு.

சுடும் கழகத்தின் குழுவில் ஒரு இடம்தான் மிச்சம். அவனுக்கா, எனக்கா.

மார்ச் 4, புதன்

லீவு. லேசரைப் பிடித்திருப்பது மூன்று சின்னத் திருகாணி. ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பினேன். இனி நடுவைக் குறிபார்த்தால் பொட்டு மூன்று விரல் வலப்பக்கம் விழும். நான் மட்டும் மூன்று விரல் இடப்பக்கம் பிடித்துப் பழகினேன். இருபது சூடு. சரி.

பகிடிக்குத்தான். பிறகு திருப்பிவிடலாம்.

பால், வெங்காயம், சா.வின் பிரஷர் குளிசை.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். ஆட்டிறைச்சி. குகன் நூற்றுக்கு நாற்பத்தொன்று! முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணை, லேசர் சரிஞ்சு போச்சோ?"

"இஞ்சை கொண்டாரும்." வாங்கி ஐந்து சூடு. ஐந்தும் நடு. "என்ரை சாமானிலை பிழையில்லை. உம்மடை கண்ணைப் பாரும்."

அவன் சிரிக்கவில்லை. ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தான், பிறகு மற்றதை மூடி. போன கார்த்திகையில் அவனுக்குச் சின்னதாக ஒரு ஸ்ட்ரோக். பஸ் ஓட்டலாம் என்று தை மாதம்தான் டொக்டர் கடிதம் கொடுத்தவர். அதை நினைத்துத்தான் கண் என்றேன். சந்தோசமாக இருந்தது. எனக்கே எழுதும் கொப்பியில் பொய் எதற்கு.

மார்ச் 11, புதன்

கு. வேலை முடிந்து சீருடையோடு வந்தான். ஐம்பது சூடு. எல்லாம் வலம்.

"டொக்டரிட்டைப் போம்" என்றேன், ஒப்புக்கு.

"அவர் மெஷினைப் பாத்துச் சொல்லுறவர். நீங்கள் சொந்தச் சனம் அண்ணை, பொய் சொல்லமாட்டியள்." பிறகு மெல்ல: "காலமை என்ரை பஸ்ஸிலை பள்ளிக்கூடப் பிள்ளையள். இஞ்சை மூண்டு விரல் எண்டால் றோட்டிலை எவ்வளவு வரும்?"

உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது. போயும் விட்டது.

அவன் போனபின் திருகாணியைப் பழையபடி திருப்பி வைத்தேன். இனிச் சுட்டால் நடுவில் விழும். சுட்டுப் பார்க்க வா என்று நான் அவனைக் கூப்பிடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கழகத்திலிருந்து மெயில். கு. விலகிவிட்டான். இடம் எனக்கு.

சா.: "அந்த மனிசன் சாப்பிடுறேல்லையாம், தங்கச்சி போனிலை அழுகிறாள். உங்களுக்கு வாயெல்லாம் பல்லு."

சலூன், மூன்று மணி.

மார்ச் 15, ஞாயிறு

குளிர்காற்று. கு. கடதாசி, பேனையோடு வந்தான். குடும்பத்தில் ஜெர்மன் கடிதம் எல்லாம் நான்தான்: பெர்மிட், வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இது பஸ் கொம்பனிக்கு. பத்தொன்பது வருச வேலையை விடுகிறானாம்.

"யோசிச்சுப் பாரும் குகன்."

"யோசிச்சிட்டன் அண்ணை. நீங்கள் அண்டைக்குக் கண்ணைப் பாக்கச் சொல்லாட்டி ஆரையாவது அடிச்சுப் போட்டிருப்பன்." என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவில்லை. கை நடுங்கவேயில்லை, நல்ல கை.

துவக்கு பக்கத்து அலுமாரிக்குள். எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு சூடு, நடுவில் விழும். பிறகு சாந்தி கேட்பாள், அவள் தங்கை கேட்பாள், ஊர் முழுக்கக் காறித் துப்பும். பயம். வேறொன்றும் இல்லை.

எழுதினேன். நாலு வரி, ஒரு பிழை இல்லை.

"கையெழுத்து எங்கை வைக்கிறது அண்ணை?"

விரலை வைத்துக் காட்டினேன்.