கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா

அன்புள்ள எஃப்ராயினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் ஆர்லாண்டோவில் நான் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? அத்தையிடம் நான் ஆசி கேட்டதாகச் சொல்லுங்கள்.

தீம் பார்க்கைச் சுற்ற நடக்க முடியாதவர்களுக்கு எங்கள் கடையில் வாடகைக்குக் கொடுக்கும், உட்கார்ந்தபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி. அடையாளத்துக்கு ஆளுக்கொரு நாடா கட்டிக்கொள்வார்கள். நேற்று ஒரு கிழவர் தன் வண்டியை நாடா கட்டாமல் ராட்டினத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, வேறு யாருடைய வண்டியிலோ திரும்பி வந்தார். கூடையில் உதட்டுச்சாயம்!

"யாருய்யா அவ?" என்று அவர் மனைவி கத்தினாள்.

"சத்தியமா தெரியாதுடி, வண்டி மாறிப்போச்சு!"

"மாறும் மாறும், இந்த வயசுலயும் மாறும்!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன்.

பக்கத்து வீட்டு நில்சா ஞாயிறுதோறும் உங்கள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தேவாலயத்துக்கு வருகிறாளாம். அவள் வைக்கும் சூப்பு அவ்வளவு ருசியாம். நான் இங்கே தனியாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைக் கடிக்கிறேன். நல்ல மனசுக்காரி, தள்ளட்டும். ஆனால் அவளுடைய கிண்ணத்தை இன்றே கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இத்துடன் ஒரு சிவப்பு நாடா வைத்திருக்கிறேன். நாற்காலியில் இறுக்கிக் கட்டுங்கள்.

வாடிக்கையாளர் மணி அடிக்கிறார், முடிக்கிறேன். நாடா அவள் கை வைக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் மனைவி
மரிசெல்