மல்லிகா அக்காவின் ‘சரி’

9 ஜூன், செவ்வாய்
ஏழு மணிக்கே வெயில். கொரட்டூரிலிருந்து ஆட்டோ, மண்ணூர்பேட்டை முனையில் நெரிசல்.

தனசேகர் கெடு வைத்துவிட்டார். பட்டறை அவருடையது, விற்பது என் பாடு. இந்த மாதத்துக்குள் பத்துப் பேராவது தேடி வந்து கேட்க வேண்டும். இல்லையென்றால் கோல்ஃப் மட்டைக்கு மூடுவிழா, மறுபடி பம்பு உதிரி பாகம். “சரக்கு நல்லாத்தான் கீது மேடம். எவன் கேட்டான்?” நியாயம்தான். ஐ.டி. வேலையை உதறிவிட்டு வந்த எனக்குத்தான் பயம்.

செய்ய: பால். கரண்ட் பில். மட்டைப் பை தூக்கும் கேடிகளுக்கு ஆறு மட்டை இலவசம். (அம்மாவிடம் ‘கேடி’ என்றால் போலீஸைக் கூப்பிடுவாள்.) வாங்குவது பணக்காரர், எது நல்லது என்று காதில் போடுவது இவர்கள்.

11 ஜூன், வியாழன்
ஆறையும் உறையோடு மைதானத்தில் கொடுத்தாயிற்று. பட்டறைக்குத் திரும்பினால் தலையில் குண்டு.

பட்டறையில் அளவு பார்ப்பது மல்லிகா அக்கா. தேறிய மட்டையில் அச்சு வைத்து ‘சரி’ என்று அடிப்பார். பாலிஷில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆறிலும் எடுக்கவில்லை! குனிந்தால் கண்ணில் படுவது அதுதான். நான் மாதக்கணக்கில் யோசித்த இங்கிலீஷ் பெயர் அடியில். கத்திவிட்டேன்.

அக்காவுக்குக் கோபம். “பாத்துட்டுத்தானே அட்ச்சேன்? பொய்யா அட்ச்சேன்?”

14 ஜூன், ஞாயிறு
மேகமூட்டம். மாற்றிக் கொடுக்கப் போனேன். கேடி முருகன் மட்டையை விடவில்லை.

“இன்னா மேடம், இத்த புடுங்கவா வந்துகினு கீறீங்க? பந்து குழில வுழுந்தா ‘சரி’ன்னு கத்துறோம். சாருங்களும் கத்துறாங்க. ரெண்டு பேரு இதே எழுத்தோட வோணும்னாங்க.”

பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

19 ஜூன், வெள்ளி
மழை. சந்தோஷம். வாட்ஸ்அப்பில் பத்தாவது ஆளும் கேட்டாயிற்று! அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடும்மா” என்றார்.

பத்து மட்டை மேசையில். அக்கா ஒன்பதில் அடித்துவிட்டு ஒன்றை ஒதுக்கினார். தனசேகர் கெஞ்சல்: “அத்தயும் அட்ச்சுடுக்கா, யாருக்குத் தெரியப் போவுது?”

“அது சரியில்ல நைனா.”

பத்தாவது ஆளுக்கு நானே எழுதினேன்: உங்கள் மட்டை இன்னும் தேறவில்லை, இரண்டு நாள் பொறுக்க முடியுமா? போனைக் கவிழ்த்து வைத்தேன். உடனே சத்தம். நிமிர்த்தினேன், பதில்:

“சரி.”