கரும்பலகையில் ஒரு திருத்தம்

14-6-1999, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. சாரல் இல்லை. சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. இடது முழங்கால் வலி.

ஆறு மணிக்குப் படிப்பகம் திறந்தேன். இரண்டு பேப்பரிலும் கார்கில்தான். வாசல் கரும்பலகையின் இடப்பக்கம் தலைப்புச் செய்தி. வலப்பக்கம் என் பகுதி, ‘உறுப்பினர் மாற்றம்’. டில்லியில் எந்த எம்.பி. இறந்தார், எவர் விலகினார், எவர் கட்சி தாவினார், இடைத்தேர்தலில் எவர் வந்தார். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையின்போது ஆரம்பித்தது. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை முடித்து, கரி படிந்த கையோடு வந்து எழுதுவேன். பள்ளிக்கூடம் போகாதவன் எழுதுகிறான் என்று சிரித்தவர்களும் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். இன்றுவரை ஒரு தப்பு கிடையாது.

ஏப்ரலில் ஒரே ஓட்டில் ஆட்சி போய், சபையைக் கலைத்த பிறகு என் பகுதி வெறுமனே கிடந்தது. ஆள் இருந்தால்தானே மாற்றம். இன்று பொறுக்கவில்லை. எழுதிவிட்டேன்:

‘நாம் தேர்ந்தெடுத்த 543 பேரும் வெளியே. எல்லையில் சண்டை. நாடாளுமன்றத்தில் ஒருவரும் இல்லை.’

அறுபத்திரண்டில் சீனாக்காரன் உள்ளே வந்தபோது சபையை முன்கூட்டியே கூட்டினார்கள். கேட்டார்கள், திட்டினார்கள், பதில் வாங்கினார்கள். எழுபத்தொன்றிலும் சபை நடந்தது. இப்போது?

15-6, செவ்வாய்

பலகை முன் நல்ல கூட்டம். மாலையில் படிப்பகச் செயலாளர் பழனிச்சாமி வந்தார். பம்ப் கம்பெனிக்காரர், என்னைவிட இருபது வயசு இளையவர். படிப்பகக் கட்டடம் அவர் அப்பா கொடுத்தது. வாரம் ஒருமுறை அதை நினைவுபடுத்துவார்.

“ஏனுங்ணா, பசங்க அங்க செத்துட்டிருக்கறானுங்க. சபையே காலின்னு இப்புடி எழுதிப்போட்டா எதிரி சந்தோசப்பட மாட்டானுங்களா?”

எதிரி பஸ் ஏறி நம் கணபதி வட்டாரத்துக்கு வந்து பலகை படிக்கிறானா என்று கேட்டேன். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குச் சுட்டது. ராசாமணி பார்த்தால் மனசு என்ன பாடுபடும், அழித்துவிடுங்கள் என்றார். ராசாமணி எங்கள் பின் வீதி. மாவு மில் வைத்திருக்கிறாள். மகன் பட்டாளத்தில், மேலே எங்கோ பனியில். மூன்று வாரமாகக் கடிதம் இல்லை.

அழிக்க மாட்டேன் என்றேன்.

வாங்க: சாக்பீஸ், தைலம். கோதுமை அரைக்க வேண்டும்.

16-6, புதன்

கோதுமையை நானே தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். ராசாமணிக்குப் படிக்க வராது. பலகையில் இன்னது எழுதியிருக்கிறேன், உனக்கு வருத்தமா என்று நேராகக் கேட்டேன். மெஷினை நிறுத்தினாள். சபையில் இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். மந்திரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள் என்றேன். எத்தனை பேர் போனார்கள், முன்னாலேயே ஏன் தெரியவில்லை, பையன்களுக்குத் துணிமணி போதுமா என்று.

கையில் இருந்த மாவைத் தட்டினாள்.

“போன கடுதாசில குளுருக்கு சாக்ஸு பத்தலைன்னு எழுதியிருந்தானாமுங்ணா. படிச்சுச் சொன்னாங்க. அதைய இப்ப ஆருங்ணா கேப்பாங்க?”

மெஷினைப் போட்டுவிட்டாள்.

18-6, வெள்ளி

அவமானம்.

ஓய்வு பெற்ற வாத்தியார் வேலுசாமி, பழனிச்சாமிக்கு வேண்டியவர், பேப்பரை மடித்து வைத்துவிட்டு எல்லார் முன்பும் ஆரம்பித்தார். நாடாளுமன்றத்தில் ஒருவரும் இல்லையென்றால் மேலவை, அதுதான் ராஜ்யசபா, எங்கே போயிற்றாம். அதைக் கலைக்கவே முடியாதாம்.

“ரண்டு வருசம் பள்ளிக்கூடத்துல உக்காந்திருந்தா இது தெரிஞ்சிருக்குமுங்க.”

அவர் சொன்னது சரி. நாம் ஓட்டுப் போடாத சபை என்பதால் மேலவையை நான் ஒரு பொருட்டாகவே வைத்ததில்லை. அந்தத் திமிர்தான் காலை வாரிவிட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தப்பு. தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன். மனைவி சரசு சொன்னாள்: “தப்புன்னு ஒத்துக்கிட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டீங்க. நாப்பது வருசமா நான் ஒத்துக்கலீங்களா?” அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

20-6, ஞாயிறு

கமிட்டிக் கூட்டம். நான் வெளியே பெஞ்சில். முடிந்ததும் பழனிச்சாமி தீர்மானம் வாசித்தார். போர்க்காலத்தில் பொய்ச் செய்தி எழுதியதற்கு நாளைக் காலைக்குள் மன்னிப்புக் கடிதம். தவறினால் படிப்பக உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கம். சாவி, பலகை இரண்டும் போகும்.

திருத்தம் எழுதுகிறேன், மன்னிப்பு எழுத மாட்டேன் என்றேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். விவரம் தப்பு. கேள்வி தப்பில்லை என்றேன்.

“புடிவாதம் வேண்டாமுங்ணா. ஒரு கையெழுத்துத்தானுங்க.”

அந்தக் கையெழுத்துப் போடக் கற்றபோது எனக்கு முப்பது வயசு. கண்ட காகிதத்திலும் போட முடியாது.

வீட்டுக்கு வந்து இந்த மாசப் பேப்பர் முழுவதையும் விரித்துப் பார்த்தேன். மேலவையையாவது கூட்டுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டிருக்கின்றன. கூட்டவில்லை. உள்பக்கத்தில், மூலையில். நான் பார்க்காமல் விட்ட செய்தி.

21-6, திங்கள்

லேசான சாரல். ஐந்தரைக்கே போனேன். பழையதை நானே ஈரத்துணியால் அழித்தேன். இடப்பக்கத்தையும் சேர்த்துப் பலகை முழுக்க எழுதினேன்:

‘திருத்தம். நாடாளுமன்றத்தில் ஒருவரும் இல்லை என்றது என் தவறு. மேலவை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சண்டையைப் பற்றிக் கேட்க அவர்களைக் கூட்டச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன. கூட்டவில்லை.’

கீழே கையெழுத்து.

ஏழு மணிக்குப் பழனிச்சாமியும் வாத்தியாரும். கடிதம் எங்கே என்றார் பழனிச்சாமி. பலகையைக் காட்டினேன். மில் திறக்கப் போகிற வழியில் ராசாமணி நின்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று வாத்தியாரிடம் கேட்டாள். அவர் சத்தமாகப் படித்தார். பாடம் நடத்திய குரல், கடைசி வரியில் இறங்கிவிட்டது.

பழனிச்சாமி துணியை எடுத்தார். எந்த வார்த்தை தப்பு என்று சொல்லுங்கள், நானே அழிக்கிறேன் என்றேன். அவர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் முதலிலிருந்து மறுபடி படித்தார், இந்தத் தடவை மனசுக்குள்.

“தப்பில்லீங்க,” என்றார்.

சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

மாலை ஆறு. பட்டியலில் என் பெயரை நீக்கியாயிற்றாம். பலகையை இன்னும் அழிக்கவில்லை.