பத்மாசனியின் கை

17 ஜனவரி 1995, செவ்வாய்

வல்லி இன்று கஞ்சி குடித்தாள். நாலைந்து ஸ்பூன்தான், ஆனால் தானாகக் கேட்டுக் குடித்தாள். குடலில் ஓட்டை விழுந்து பொங்கலுக்கு முந்தின வாரம் வயிற்றைத் திறந்து தைத்தார்கள். தைத்த ராஜபாளையத்து டாக்டர் வேதசிரோமணிக்கே ஆச்சரியம். “டீச்சரம்மா தேறிட்டாங்க” என்றார். டீச்சர் நான்தான், அதுவும் வன்னியம்பட்டியில் கணக்கு வாத்தியார். வல்லி என் மனைவி, வீட்டில் எனக்குப் பாடம் எடுப்பவள். ஒருவகையில் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஐ.சி.யூ.வில் நாலு கட்டில். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர், செத்த நேரம் உள்ளே போய்ப் பார்க்கலாம். மீதிப் பொழுதெல்லாம் வராந்தா பெஞ்சுதான். வல்லிக்குக் கழுத்து நரம்பில் குழாய் சொருகியிருக்கிறது, மருந்தெல்லாம் அது வழியாக. மேலே ஒட்டின பிளாஸ்திரி அரிக்கிறதாம், சொறிந்துவிடு என்கிறாள். “அது இப்போ உன் கழுத்து இல்ல, டாக்டர் கழுத்து” என்றேன். சிரிக்கப் போய், தையல் வலித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில் தவசிமுத்துவுக்கு நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல். மில்லில் கால் நசுங்கி வந்தவர். கட்டிலே ஆடுகிற மாதிரி உதறுகிறது. பார்க்கப் பயமாக இருந்தது.

18 ஜனவரி, புதன்

வல்லியின் தங்கை பத்மாசனி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாள். தாயில்லாத பிள்ளை. வல்லி பாவாடை கட்டின வயதிலேயே இவளை இடுப்பில் வைத்து வளர்த்திருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளையில்லாத குறையை ஊரார் பேசும்போதெல்லாம், “எனக்குத்தான் பத்மா இருக்காளே” என்று வாயை அடைத்துவிடுவாள். சாயங்கால முறையைப் பத்மாசனிக்கு விட்டுக்கொடுத்தேன்.

வெளியே வந்தபோது கையில் ஆண்டாள் தைலம் மணத்தது. மார்கழியில் எண்ணெய்க்காப்புக்கு ஆண்டாளுக்குச் சாத்திய தைலம். எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. “நெத்தியில தடவினேன் அத்தான். கழுத்து அரிக்குதுன்னா. பிளாஸ்திரி ஓரத்தைத் தூக்கி ஒரு சொட்டு வச்சேன்” என்றாள். நர்ஸ் அமிர்தவல்லி பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அரிப்பு நின்றுவிட்டதாம்.

20 ஜனவரி, வெள்ளி

வல்லிக்குக் குளிர் வந்துவிட்டது. மூன்று போர்வை போட்டும் பல் கிட்டுகிறது. என்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டேன். தெரிகிறது என்று தலையாட்டினாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

கடவுளே, கஞ்சி குடித்தாளே.

21 ஜனவரி, சனி

டாக்டர் சொன்னார்: “ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு சார். அந்தக் கழுத்துக் குழாய் வழியாத்தான் போயிருக்கும்.” ரத்தத்தை மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அங்கே கிருமியை வளரவிட்டு, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம். எனக்குக் குழாய் என்ற சொல்தான் காதில் நின்றது.

அந்த நேரம் பார்த்து பத்மாசனி டிபன் கேரியரோடு படியேறி வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

“உன் எண்ணெய்தாண்டி அவளைக் கொல்லுது. அந்தக் கையை வச்சுக்கிட்டு இனி இந்தப் பக்கம் வராதே!”

கடைசி பெஞ்சு வரை கேட்கப் பழகின குரல். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அழவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கேரியரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சொன்னது சரிதானே? சரிதான்.

22 ஜனவரி, ஞாயிறு

கேரியரைத் திறக்கவேயில்லை. சோறு ஊசிப்போய்விட்டது. கொட்டிக் கழுவினேன்.

24 ஜனவரி, செவ்வாய்

ஊசியை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. இன்னொன்றும் மாற்றினார்கள். மூத்திரம் குறைந்துவிட்டது. முகம் ஊதி, வல்லி மாதிரியே இல்லை.

பத்மாசனி வரவில்லை. வந்தால் இன்னும் நாலு கேட்கலாம் என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டும்போதுதான் தெரிந்தது, நான் திட்டுவதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பேச ஒரு ஆள் இல்லை எனக்கு. தவசிமுத்துவின் மனைவி வெள்ளைத்தாய் தன் காப்பியில் பாதியை ஊற்றித் தந்து, “உங்களுக்குன்னு வார ஆளு அந்தத் தங்கச்சி ஒண்ணுதான. அதையும் வெரட்டிட்டீகளே சார்” என்றாள். கோபம் வந்தது. காப்பியைக் குடித்தேன்.

25 ஜனவரி, புதன்

தவசிமுத்து போய்விட்டார். வெள்ளைத்தாயைச் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். பெஞ்சு முழுக்க எனக்குத்தான்.

மத்தியானம் டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மதுரையிலிருந்து வந்த தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வரிசையாக மருந்துகள், எதற்கும் கிருமி சாகவில்லை. “காய்ச்சல் கண்டவுடனே எல்லா மருந்தையும் கொடுத்துக் கொடுத்து நாங்களே அதுக்குப் பழக்கிட்டோம். ஒண்ணு பாக்கி இருக்கு. மெட்ராஸ்ல சொல்லியிருக்கேன். கிட்னி தாங்குமான்னு தெரியல.”

தைலத்தைச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

“அது வச்சிருக்கக் கூடாதுதான் சார். ஆனா இது அதுல வந்ததில்ல. தவசிமுத்து ரத்தத்துலயும் இதே கிருமி. அவருக்கு யாரு எண்ணெய் வச்சா? அவருக்குத்தான் முதல்ல குளிர் வந்துச்சு. அந்தக் கட்டில்லருந்து இந்தக் கட்டிலுக்கு எங்க கையிலதான் போயிருக்கணும். கை கழுவுற தொட்டி கதவுக்கு வெளியில இருக்கு. அவசரத்துல ஒவ்வொரு தடவையும் யாரு போறா?”

ஒளிக்காமல் சொன்ன மனுஷரை என்ன செய்வது? அவர் மேல் கத்த எனக்குக் குரலே எழும்பவில்லை. கத்துவதையெல்லாம் ஏற்கெனவே ஒருத்தி மேல் கத்தித் தீர்த்துவிட்டேன்.

இன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் இருந்தது. எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

26 ஜனவரி, வியாழன்

வல்லி கண் திறந்தாள். “பத்மா எங்க?”

“அவ பிள்ளைக்குச் சளியாம். நாளைக்கு வருவா.”

என்னையே பார்த்தாள். “சண்டை போட்டீகளா?” என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

27 ஜனவரி, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பத்மாசனி வீட்டு வாசலில் நின்றபடியே, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்கோ என்றும் சொன்னேன். வயதில் சின்னவளிடம் அப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை.

“ஆறுதலுக்குச் சொல்லுதீக அத்தான். அன்னைக்குக் கோபத்துல வந்ததுதான் நெசம்.”

“அக்கா உன்னைக் கேக்கா” என்றேன். உடனே கிளம்பி வந்தாள். ஆனால் ஐ.சி.யூ. கதவுக்கு உள்ளே கால் வைக்கவில்லை. எவ்வளவோ கெஞ்சினேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். வல்லி கண் திறக்கவில்லை.

28 ஜனவரி, சனி

காலையில் வல்லி போய்விட்டாள். மெட்ராஸ் மருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்ததாம்.

30 ஜனவரி, திங்கள்

நேற்று எல்லாம் முடிந்தது. பிறந்த வீட்டுப் புடவையைப் பத்மாசனிதான் கொண்டு வந்தாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைக்க வேண்டியவளும் அவள்தான். தெருப் பெண் ஒருத்தியைச் செய்யச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். ஜனங்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு வராந்தாவில் கத்தினது ஊர் வரை வந்திருக்கிறது.

“எண்ணெய் இல்ல. ஆஸ்பத்திரிக் கிருமி. அவ மேல தப்பில்ல” என்று வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். தொண்டை கட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்குமோ, தெரியவில்லை.

9 பிப்ரவரி, வியாழன்

பள்ளிக்கூடம் போனேன். வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, “வல்லி” என்றேன்.

12 மார்ச், ஞாயிறு

காலையில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. பத்மாசனி. கூடவே மூன்று வயது மகள் கோதை, சிணுங்கிக்கொண்டு. குழந்தையை ரிக்‌ஷாக்காரர்தான் இறக்கிவிட்டார். இவ்வளவு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்திருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம். காப்பி போடட்டுமா என்றேன். அவள் உட்காரவில்லை.

“அத்தான், கோதை அப்பா ஊர்ல இல்ல. நீங்க செத்த இவ நெத்தியத் தொட்டுப் பார்த்து, சுடுதான்னு சொல்லுங்க.”

“ஏன், நீயே பாரேன்.”

முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்திருந்தாள். “நான் தொடுறதில்ல” என்றாள்.

குனிந்து குழந்தையின் நெற்றியிலும் கழுத்திலும் கை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சுடவில்லை என்றேன்.

“நெசமாவா?”

“நெசம்தான் பத்மா.”

குழந்தை, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் அம்மாவைப் பார்த்து நீட்டியது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். நான்தான் தூக்கிக்கொண்டேன்.